வந்த ஊருக்கே

“ரேடியோவைக் கம்மி பண்ணிட்டு லைன்லயே இருங்க மேடம். இவர் பேசி முடிச்சதும் நீங்கதான்.”

லொரீன் பிக்கப் வண்டியின் ரேடியோவைக் குறைத்துவிட்டுப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். வண்டிக் கண்ணாடியை ஏற்கெனவே ஏற்றிவிட்டிருந்தாள். வீட்டுக்குள் மகன் இருந்தான். அந்தக் கோச்சின் பெயர் காதில் விழுந்தாலே சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போகிறவன்.

திங்கட்கிழமை என்றால் கோச் வேட் ரெம்பெல் ஒரு கோழிக்கறி உணவகத்தில் ரேடியோ நேரலைக்காக மைக் முன்னால் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஆளாளுக்குப் போன் போட்டுத் திட்டுவார்கள். வாங்குகிற சம்பளத்தில் அதுவும் சேர்த்தி.

அவர் பயிற்சி தரும் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. சனிக்கிழமை சொந்த அரங்கத்திலேயே மண்ணைக் கவ்வியது.

ரெம்பெல் போன வருடம்வரை ஒரு ஜூனியர் காலேஜில் கோச். இரண்டே வருடப் படிப்பு; மார்க் போதாமல் பெரிய காலேஜ்கள் கைவிட்ட பையன்கள் பந்தைப் பிடித்துக்கொண்டு கரையேறப் பார்க்கிற இடம். அங்கிருந்து ஓர் ஆளைத் தூக்கிவந்து இத்தனை பெரிய அணிக்குத் தலைமை கொடுத்ததை ரசிகர்களில் ஒருவரும் மன்னிக்கவில்லை.

அவளுக்கு முன்னால் பேசிய கிழவர் கிழித்துத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்.

“வேன் ஓட்டிக்கிட்டு, பசங்க பனியனைத் துவைச்சுக்கிட்டுக் கிடந்த ஆளு நீ. உன்னைக் கொண்டாந்து இங்க போட்டவனை முதல்ல உதைக்கணும்.”

உணவகத்தில் சிரிப்பு எழுந்தது.

“துவைச்சது நிஜம்தான் சார். நல்லாத்தான் துவைச்சேன்” என்றார் ரெம்பெல். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நல்லா வேணும் என்று நினைத்தாள் லொரீன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்று மதியத்திலிருந்து மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். இந்த ஆள் அந்த நாற்காலியில் நிலைக்கக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

“அடுத்து, அரங்கத்துக்குப் பின்தெருவிலேர்ந்து டயான். சொல்லுங்க டயான்” என்றார் தொகுப்பாளர்.

பெயர் பொய்தான். இந்த நிகழ்ச்சியில் சொந்தப் பெயரில் திட்டுகிறவர்கள் குறைவு.

“கோச், உங்களுக்கு வெக்கமா இல்லையா?” என்று ஆரம்பித்தாள். “பெரிய அரங்கம், பெரிய சம்பளம்னதும் வாயைப் பிளந்துக்கிட்டு ஓடி வந்துட்டீங்க. நம்மால முடியுமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? இது உங்க அளவுக்குத் தைச்ச சட்டை இல்ல. நாளைக்கே எழுதிக் கொடுத்துட்டு வந்த ஊருக்கே திரும்பிப் போங்க.”

உணவகமே கை தட்டியது. யாரோ மேசையைக் குத்தினார்கள். அந்தச் சத்தம் அவளுக்கு வெல்லமாக இருந்தது.

“தோத்ததுக்கு நான்தான் காரணம் மேடம். பசங்க மேல தப்பில்ல.”

“பசங்களைப் பத்தி நீங்க பேசாதீங்க” என்றாள். மனப்பாடம் செய்ததில் இது கிடையாது. “அந்த வார்த்தையைச் சொல்ல உங்களுக்கு அருகதை இல்ல.”

குரல் உடைந்துவிட்டது. அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது.

“டீமுக்காக அழறாங்க பாருங்க கோச்” என்றார் தொகுப்பாளர். “இவங்கதான் ரசிகை.”

அப்போதுதான் வீட்டுக்குப் பின்னாலிருந்த தண்டவாளத்தில் சரக்கு ரயில் வந்தது. வண்டிக் கண்ணாடி அதிர்ந்தது. அவள் போனைக் கையால் பொத்தினாள். பொத்தி என்ன பயன், அந்த ஊதல் ஊரையே தூக்குகிற ஊதல்.



“ரயில் போயிடட்டும்” என்றார் ரெம்பெல், குரலைத் தாழ்த்தி. “அப்புறம் பேசுங்க.”

லொரீன் போனைப் பொத்தியிருந்த கையை எடுத்தாள்.

ரெம்பெல் முன்பிருந்த அந்த ஜூனியர் காலேஜ் இதே ஊரில்தான்; அதன் ஜிம் இதே தண்டவாளத்தை ஒட்டித்தான் இருக்கிறது. பயிற்சி நடுவில் சரக்கு ரயில் வந்துவிட்டால் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்காது. பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இந்த மனிதர் இதே வார்த்தையைத்தான் சொல்வார். மகனைக் கூட்டிவரப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். பல்கலைக்கழக அரங்கத்துக்குப் பின்தெருவில் தண்டவாளமே கிடையாது. அந்த அரங்கம் இங்கிருந்து ஐந்து மணி நேரப் பயணம்.

ரயில் போய் முடிந்தது.

“டயான்னே வச்சுக்குவோம்” என்றார். “உங்க பையன் கிளாசுக்குப் போறானா?”

மகனைத் தன் அணிக்குக் கேட்டு வந்தபோது அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கோழி நூடுல்ஸை இரண்டு தட்டு காலி செய்துவிட்டு, ரெண்டு வருஷம் இவன் என் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவர். ஒரு வருடத்தில் கிளம்பிவிட்டார். அதற்குப் பிறகு மகன் பந்தையும் தொடவில்லை, புத்தகத்தையும் தொடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துக் கிடக்கிறான்.

வாய் வரைக்கும் வந்த பதிலை விழுங்கிவிட்டுப் போனைத் துண்டித்தாள்.

இறங்கி வீட்டுக்குள் போனாள். காலணியைக் கழற்றக் குனிந்தவள் அப்படியே நின்றாள்.

மகனின் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அவளுடைய குரலே வந்துகொண்டிருந்தது. வந்த ஊருக்கே திரும்பிப் போங்க. கைதட்டல். போனில் இணையம் வழியாகக் கேட்கிறவர்களுக்கு நிகழ்ச்சி இரண்டு மூன்று நிமிடம் பிந்தித்தான் வரும். கோச் பெயரைக் கேட்டால் எழுந்து போகிறவன், படுத்தபடி கோச்சின் நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பசங்களைப் பத்திப் பேசாதீங்க என்றாள் உள்ளேயிருந்த லொரீன். ரயில் ஊதியது. ரயில் போயிடட்டும் என்றார் ரெம்பெல்.

பிறகு அந்தக் கேள்வி.

அதற்குப் பதில் வரப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். வெளியே நின்று அந்த மௌனத்தைக் கேட்டாள்.

கட்டில் கிரீச்சிட்டது.

“இல்ல, கோச்” என்றான் மகன்.