சம்பந்தி கட்டிய ஒன்பது மாடி

ஒரே ஒரு திருகாணியைத் திருகி, ஒன்பது மாடிக் கட்டடத்தையே காலி செய்தவன் நான்!

அதைக் கட்டிய மகா இன்ஜினியர் என் சம்பந்தி. என் மகள் ஏழாவது மாடியில் குடியிருந்தாள். விளம்பரத்துக்காகக் கட்டடத்தைப் போட்டோ எடுக்க என் பழைய மரக் கேமராவோடு போனேன்.

“எல்லாப் படத்துலயும் கட்டடம் சாயுது. உங்க ஓட்டைப் பெட்டி நிமிர்த்திடுமாக்கும்!” என்று இளித்தார் சம்பந்தி.

“மத்தவங்க கேமராவையே மேல அண்ணாத்துறாங்க, அதான் படத்துல சாயுது. நான் பெட்டியை நேரா வெச்சு, லென்ஸை மட்டும் உயர்த்துவேன்.”

திருகினேன். லென்ஸ் ஏறியது. பெட்டியின் பின்கண்ணாடியில் தெரு விளக்குக் கம்பத்தின் பிம்பம் நேராக விழுந்தது. கட்டடம் மட்டும் சாய்ந்தே இருந்தது.

“பெட்டி கோணல்!” என்றார்.

“கம்பம் நேரா நிக்குதே? நூல்ல தூக்குக்குண்டு கட்டி மேலேருந்து விட்டுப் பாருங்களேன்.”

வீறாப்பாக மொட்டைமாடி ஏறி நூலை இறக்கியவர், முகத்தில் ஈயாடாமல் திரும்பினார்.

“எல்லாரையும் வெளியேத்துங்க சம்பந்தி... பெட்டி நேராத்தான் இருக்கு. என் கட்டடந்தான் சாயுது.”