வெள்ளையில் வெள்ளை எழுத்து

பிரேசர் டவுன் மாடியறையில் கரண்ட் போய் ஐந்து நிமிடமாகிறது. மேசைக்கடியில் யூபிஎஸ் விட்டுவிட்டுக் கத்துகிறது. கேக் கடை ஜெசிந்தா நாற்காலியில் உட்காருவதும் எழுவதுமாக இருக்கிறாள். ஒரு வாரமாக இணையத்தில் எப்படித் தேடினாலும் அவள் கடையின் பக்கம் வருவதில்லை. கிறிஸ்துமஸுக்கு இன்னும் இருபது நாள்தான். “தேடுற சைட்காரன் நம்ம பக்கத்தத் தூக்கிட்டான் ஆன்ட்டி. அதுல கொஞ்சம் வார்த்தைங்கள ஒளிச்சு வெச்சிருந்தேன், கண்டுபிடிச்சிட்டான்,” என்கிறான் அந்தப் பக்கத்தைச் செய்துகொடுத்த தயாளன். “அத எடுத்துட்டு அவனுக்கு எழுதிப் போட்டா மறுபடி சேத்துக்குவான்.”

“எங்க ஒளிச்ச? ஒண்ணும் காணமே!”

அவன் மவுஸை அழுத்தியபடி, பிளம் கேக் படத்துக்குக் கீழே வெறுமனே கிடக்கும் வெள்ளை இடத்தின் மேல் இழுக்கிறான். நீலம் படர்கிறது. அதற்குள்ளிருந்து வெள்ளை எழுத்துகள் வரிவரியாக எழும்புகின்றன: மேபல் கேக்ஸ், மேபல் கேக்ஸ், மேபல் கேக்ஸ். அடுத்த தெருவில் இருக்கும் அவள் அக்காவின் கடை. ஜெசிந்தாவின் விரல்கள் கழுத்துச் சங்கிலியில் சிலுவையை இப்படியும் அப்படியும் இழுக்கின்றன. மூக்குக்கண்ணாடி முழுக்கத் திரையின் நீலம்.

“அவங்க கடையத் தேடுறவங்க நம்மகிட்ட வரட்டும்னுதான் ஆன்ட்டி. அழிச்சிடட்டா?”

யூபிஎஸ் இப்போது இடைவெளியில்லாமல் கத்துகிறது.

“வந்தாங்கப்பா,” என்கிறாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “மூணு பேரு போன் பண்ணி, மேபல் ஆன்ட்டி கடைதானேன்னு கேட்டாங்க. நான் ஆமான்னுட்டேன்.”