சால்மன் ஏன் துள்ளுச்சு?

அகராதி ஆபீஸ்ல வாசகர் போன் அடிச்சாலே ஆபரேட்டரம்மா தலையில அடிச்சுக்குவாங்க. தினமும் அதே பொம்பளைதான். எடிட்டரும் ஸ்பீக்கர்ல போட்டுக் கத்துவார், கூரையே பிச்சுக்கும்.

இன்னிக்கு சால்மன் மீன்ல ஆரம்பிச்சுது.

"துள்ளுறதுன்னு அர்த்தம் வர்ற லத்தீன் வார்த்தையில இருந்துதான் அந்தப் பேர் வந்துச்சுன்னு அடிச்சு எழுதியிருக்கீங்களே, நீங்க போய்ப் பார்த்தீங்களா?"

"ஆத்துல எதிர்த்துத் துள்ளிப் போற மீனுக்கு வேற என்ன பேரு வைப்பாங்க?"

"நிச்சயமாத் தெரியாதுன்னு பல அகராதி சொல்லுது. நீங்க மட்டும்தான் துள்ளுறீங்க! தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, இனிமே கூப்பிடவே மாட்டேன்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்!" எடிட்டர் டொக்குன்னு போனை வெச்சார்.

ஆபரேட்டரம்மாவுக்குப் பொறுக்கல. "ஒரு மாசமா இதே ரோதனை சார். அந்த நம்பரை பிளாக் பண்ணிடவா?"

"கையை வெச்சீங்க, அப்புறம் நடக்குறதே வேற!" அவங்க மேலயே பாஞ்சார். "அது என் சம்சாரம்மா. சண்டை போட்டு ஒரு மாசமாச்சு. வீட்ல மூஞ்சியைக்கூடப் பார்க்கறதில்ல. இந்த போன்லதான் பேசறா."

ஆபரேட்டரம்மாவுக்கே கோவம் வந்துச்சு. "அப்ப தப்புன்னு ஒத்துக்கிட்டுத் தொலைங்களேன் சார்!"

"எப்படிம்மா? வீட்ல பேசுவாளோ மாட்டாளோ, நாளைக்குப் போன் வராதே!"