வாலாட்டிக் குருவிகளின் சங்கத் தேர்தல்

ஏரிக்கரையில் காது கேளாத ஆமைகளுக்கு, மற்றவர்கள் பேசுவதை வாலசைத்துச் சொல்வது வாலாட்டிக் குருவிகளின் வேலை. அவற்றின் சங்கத்துக்குச் செம்பி என்ற குருவி தலைவி.

தேர்தல் தொடங்கும் நேரத்தில் ஒரு தவளை பதறிக்கொண்டு வந்தது. "ஒரு ஆமை தூண்டில் முள்ளை விழுங்கிடுச்சு! வைத்தியர் கொக்கு கிட்ட வந்தாலே பயந்து தலையை இழுத்துக்குது. யாராவது வாங்க!"

"யார் போறீங்க?" என்று செம்பி கேட்டது.

"ஓட்டுப் போட்டுட்டுப் போறேனே," என்றது ஒரு குருவி. மற்றவை ஓட்டு வரிசையை விட்டு நகரவில்லை. கூட்டத்தில் இல்லாதவர் தலைவராக முடியாது என்பது சங்க விதி. செம்பி தவித்தது. பிறகு ஆமையிடம் பறந்துவிட்டது.

ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஆமை, காலசைத்துக் கேட்டது. "உன் வால் ஏன் இப்படி நடுங்குது? நான் செத்துடுவேனா?"

செம்பி அதைக் கொக்கிடம் கேட்டது.

"அசையாம இருந்தா பிழைச்சுக்கலாம்," என்றது கொக்கு.

செம்பி வாலை நிதானப்படுத்திக்கொண்டு அப்படியே சொன்னது. ஆமை மெல்லத் தலையை நீட்டி வாயைத் திறந்தது. கொக்கு முள்ளைப் பிடுங்கி எடுத்தது.

அப்போது மரத்திலிருந்து காகம் கத்தியது. "செம்பி இனிமே தலைவி இல்லை! புதுத் தலைவர் வந்தாச்சு!"

"காகம் என்ன சொல்லுது?" என்று ஆமை கேட்டது.

செம்பி ஒரு சொல்லும் விடாமல் வாலால் சொன்னது.