கேன் தண்ணீர்

சுற்றுச்சூழல் வேதியியல் மூன்றாமாண்டு மாணவர்கள் அவரவர் தெருவின் போர்வெல் தண்ணீரைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டும். அதுதான் செய்முறைத் தேர்வு. முடிவைக் கருவியே குடிநீர் வாரியத்துக்கு அனுப்பிவிடும். தண்ணீர் கெட்டிருந்தால் தெருவுக்கு லாரி வரும். நன்றாக இருந்தால் அன்றைக்கே லாரி நின்றுவிடும்.

பிரமிளாவின் தெரு சாயப்பட்டறைகளுக்கு நடுவில் இருந்தது. கல்லூரி கொடுத்த கறுப்பு பாட்டிலில் அவள் கொண்டுவந்த தண்ணீரில் குரோமியம் இல்லை, ஈயம் இல்லை என்று பச்சை விளக்கு எரிந்தது. நம்ப முடியாமல் மூன்று முறை சோதித்தாள். மூன்று முறையும் பச்சைதான்.

பஸ்ஸுக்குக்கூடக் காத்திராமல் வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, காலையில நான் பிடிச்சு வச்ச பாட்டில்ல கை வச்சியா?"

"திறந்தாலே நாத்தம்டி. நம்ம வீட்டுத் தண்ணியப் பாத்து உங்க சாரு என்ன நினைப்பாரு? கொட்டிட்டு கேன் தண்ணி ஊத்தி வச்சேன். ஏன், மார்க்கைக் குறைச்சிட்டாங்களா?"

"முழு மார்க்கும்மா."

மறுசோதனை கேட்டு வாரியத்துக்குச் செய்தி அனுப்பினாள். அடுத்த பருவத் தேர்வில்தான் முடியும், ஆறு மாதம் ஆகும் என்று உடனே பதில் வந்தது.

எதிர்வீட்டு ஷகிலா கைக்குழந்தையும் பால்புட்டியுமாகச் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

"நம்ம போர் தண்ணி நல்லாயிடுச்சுன்னு போன்ல மெசேஜ் வந்துச்சு பிரமி. முதல்ல நான் நம்பல. சோதிச்சது நீன்னு பேர் போட்டிருந்துச்சு. அப்புறம்தான் பாப்பாவுக்கு அதுலயே பால் கரைச்சுக் குடுத்தேன்."