ஒண்ணும் தொந்தரவில்லீங்க

"இன்னும் கொஞ்சம் கொறைங்க," என்றாள் லோகப்பிரியா. மாமனார் படுத்திருந்த அறைக் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த அறையில் கேமிங் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த அருள்குமார், அதன் ஃபேன் வேகத்தை எழுபதிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினான். திரை ஓரத்தில் சூடு எழுபத்தெட்டு டிகிரியிலிருந்து எண்பத்து நாலுக்கு ஏறியது.

"இப்ப?"

"மாவு மில்லாட்டம் கேக்குதுங்க."

"ஃபேன் சுத்துனாத்தான் லோகு சூடு எறங்கும். சூடு ஏறுனா படம் திக்கித் திக்கி ஓடும். நாளைக்கு மூணு மணிக்கு மேட்ச்சு. நாலு பேரு என்னைய நம்பி இருக்கறாங்க."

"உங்கப்பா ரெண்டு நாளாத் தூங்கலீங்க. அவரு யார நம்பி வந்தாருங்க?"

அருள்குமார் நாற்பதுக்குக் குறைத்தான்.

ஈஸ்வரமூர்த்திக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகி மூன்று நாள். சோமனூரில் வீட்டை ஒட்டியே அவருடைய விசைத்தறிக் குடோன். பஞ்சுத் தூசி கண்ணுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னதால், வடவள்ளிக்கு மகன் வீட்டுக்குக் கூட்டிவந்திருந்தார்கள். நன்றாகத் தூங்க வேண்டும், திங்கட்கிழமை வந்து காட்ட வேண்டும் என்பது உத்தரவு.

வந்த அன்று மத்தியானம் படுத்தவர், விளக்கு வைக்கிற வரைக்கும் அசையவில்லை. மேட்ச்சுக்குப் பழக லீவு போட்டிருந்த அருள்குமார், அன்றைக்கு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டு விளையாடிக்கொண்டிருந்தான்.

"ஆஸ்பத்திரி ஊசி வேல செய்யுதுங்க. இல்லாட்டி இந்தச் சத்தத்துல மனுசன் தூங்குவானா?" என்றாள் லோகப்பிரியா. மறுநாளே சத்தத்தைக் குறைக்க வைத்தாள். ஊசியின் வேகமும் அதோடு தீர்ந்துபோயிற்று.

கதவு திறந்தது. கறுப்புக் கண்ணாடியோடு ஈஸ்வரமூர்த்தி நின்றார்.

"தூங்கலீங்களா மாமா? சத்தம் தொந்தரவுங்களா?"

"சத்தமா? அதெல்லாம் ஒண்ணும் தொந்தரவில்லீங்க அம்மணி!" வழக்கம்போல் தெருமுனை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

வேறென்ன சொல்வார்? காபியில் உப்பைப் போட்டுக் கொடுத்தாலும் 'நல்லா இருக்குதுங்க' என்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைக்கிற மனுஷர். லோகப்பிரியா கணவனைப் பார்த்தாள். அவன் முப்பத்தைந்துக்குக் குறைத்தான்.

சாயங்காலம் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்து, உள்ளே ஊதித் தூசி தட்டிப் பார்த்தான். சூடு எண்பத்தொன்பதில் நின்றது. ஹெட்போனில், கூட விளையாடுகிற ஜெரோமின் குரல் வந்தது.

"அருளு, நீ செத்து ரெண்டு நிமிசமாச்சு. உனக்கு இன்னும் தெரியலியா?"

"எனக்கு இன்னும் படம் வரலப்பா."

பக்கத்து அறையில் ஈஸ்வரமூர்த்தி மேஸ்திரிக்குப் போன் போட்டார். "ரியாசு, தறி ஓடுதா? எங்க, போனத் தறிகிட்டக் கொண்டுபோயி வெய்யி." அப்புறம் பத்து நிமிஷம் பேச்சே இல்லை. போனைக் காதில் வைத்தபடி படுத்திருந்தார்.

"ஆளுக மேல அத்தன சந்தேகம்," என்று முணுமுணுத்தாள் லோகப்பிரியா.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பையைக் கட்டிவிட்டார்.

"நாலு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறேனுங்க அம்மணி. இங்க என்னமோ கண்ணச் சாத்த முடியல."

"நாளைக்கு டாக்டரப் பாக்கோணுங்களே மாமா! அந்தத் தூசிக்குள்ளயா போறீங்க?"

"பாத்துக்கலாமுங்க. அதுவரைக்கும் சித்த சாஞ்சிருக்கறேன்."

லோகப்பிரியா கண் கலங்கிக் கணவனிடம் வந்தாள். "தூங்க உடாம மருமக மாமனாரத் தொரத்திப்போட்டான்னு சோமனூரே பேசுமுங்க. அந்தக் கருமத்த இன்னும் கொறைங்க."

இருபத்தைந்து. இதற்குக் கீழே குறைக்க அதில் இடமில்லை.

மூன்று மணிக்கு மேட்ச் தொடங்கியது. மூன்று பத்துக்குச் சூடு தொண்ணூற்றாறு.

"அருளு, நீ செவுத்தப் பாத்து ஓடிட்டு இருக்கறே," என்றான் ஜெரோம்.

அருள்குமார் கடிகாரத்தைப் பார்த்தான். போகிறவர் எப்படியும் போகத்தான் போகிறார். ஃபேனை நூறில் வைத்தான்.

பெட்டி அலறியது. மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளர் தடதடத்தது. அடுப்படியிலிருந்து ஓடிவந்த லோகப்பிரியா வாயைத் திறந்து திறந்து மூடினாள். என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. திட்டியிருப்பாள்.

சூடு எழுபதுக்கு இறங்கியது. படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜெயித்துவிட்டார்கள். ஜெரோம் கத்தியதுகூட அந்த இரைச்சலில் அரைகுறையாகத்தான் கேட்டது.

பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று லோகப்பிரியா மாமனார் அறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே திரும்பி ஓடிவந்தாள். அவன் காதருகில் குனிந்து கத்தினாள்.

"ஏனுங்க, மாமா தூங்கறாருங்க! கொறட்டை உட்டுத் தூங்கறாரு!"

"ஊசி போடவே இல்லியே?"

"அத அப்பறம் பாக்கலாம். மொதல்ல இந்தச் சத்தத்த நிறுத்துங்க, முழிச்சுக்கப் போறாரு!"

அருள்குமார் பாய்ந்து ஸ்விட்சை அணைத்தான். வீடு முழுக்க அமைதியாயிற்று. இரண்டு பேரும் கால் ஓசை கேட்காமல் நடந்து கதவருகே போய் எட்டிப் பார்த்தார்கள்.

ஈஸ்வரமூர்த்தி படுக்கையில் துள்ளி எழுந்து உட்கார்ந்திருந்தார்.

"எவன்டா அவன், தறிய நிறுத்துனது?"