பானைக்குள் ஒரு போன்

சகாயமேரி வீட்டு அலுமினியப் பானைக்கு, கண்ணாடி விரிசல் விட்ட அந்த டச் போனைக் கண்டாலே எரிச்சல். "சோத்துக்கே தாளம் போடுற வீட்டுல இந்தப் பவிசு எதுக்கு?" என்று பொருமும். மூலையில் கிடக்கும் துடைப்பமும், "அதானே!" என்று ஒத்து ஊதும்.

அன்று காலை அரிசி டப்பா காலி. பானை கவலையாய் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சகாயமேரி போனை எடுத்துப் பானையின் வயிற்றுக்குள் வைத்துவிட்டு, தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனாள்.

பானைக்கு வந்ததே கோபம்! "சோறு வேகுற இடத்துல நீயா? இறங்குடா கீழே!"

"கோவிச்சுக்காதீங்கக்கா," என்றது போன். "கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவ வாட்ஸப்புலதான் ஆள் கேப்பாங்க. முதல்ல 'வரேன்'னு போடுறவங்களுக்குத்தான் வேலை. என் குரலோ கம்மி. நீங்க கொஞ்சம் தூக்கிக் குடுத்தாத்தான் குழாயடி வரைக்கும் கேக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை, 'டிங்' என்றது. பானை தன்னை அறியாமலே அதை வாங்கி, 'டங்ங்ங்' என்று மாதா கோயில் மணியாய் முழங்கியது. சகாயமேரி குடத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து, 'வரேன்' என்று அனுப்பினாள்.

சாயங்காலம் வேலை முடிந்து அரிசியோடு வந்தாள். பானையில் சோறு தளதளவென்று கொதித்தது. பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனைப் பார்த்ததும் துடைப்பம் வழக்கம்போல ஆரம்பித்தது: "சோத்துக்கே தாளம் போடுற வீட்டுல..."

பானை மூடியைத் தூக்கி எறிந்தது.

"யாரைடி சொல்றே? அது என் வயித்துல இருந்த பிள்ளை!"